லாக்டிக் அமிலம் நிற்கும் முச்சந்தி

உணவுக்கழிவை நொதிக்கவைத்து அமிலம் எடுக்கும் ஆய்வில் இருக்கிறேன் என்று சொன்னவுடன் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "அதற்கு எந்தப் பாக்டீரியாவைப் போடுவீர்கள்?" என்பதுதான். கேள்வி இயல்பானது. மருந்துத் தொழிலிலும் மதுத் தொழிலிலும் நொதித்தல் என்றால், தேர்ந்தெடுத்து வளர்த்த ஒற்றை நுண்ணுயிரைத் தூய்மைப்படுத்திய கலனில் விடுவதே வழக்கம். கழிவைப் பொறுத்தவரை அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. நாள்தோறும் டன் கணக்கில் வந்து இறங்கும், இன்று இருப்பது போல் நாளை இராத, ஏற்கெனவே எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியேறிவிட்ட ஒரு பொருளைக் கொதிக்கவைத்துக் கிருமிநீக்கம் செய்து, பிறகு அதில் ஒரே ஓர் இனத்தை மட்டும் வளர்ப்பது என்றால், கிடைக்கும் அமிலத்தின் மதிப்பை எரிபொருள் செலவே விழுங்கிவிடும். ஆகவே கழிவோடு வருபவற்றை வைத்துக்கொண்டே காரியத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றில் எது தழைக்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதைக் கலனின் வெப்பநிலை, அமிலநிலை, கழிவு உள்ளே தங்கும் காலம் ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிக்கிறோம்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது. இதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் எரிப்பது வீண்வேலை. குப்பைமேட்டில் புதைத்தாலோ காற்றில்லாத ஆழத்தில் அது மீத்தேனாக மாறி வெளியேறும். எப்படியும் மீத்தேன் உருவாகத்தான் போகிறது என்றால், மூடிய கலனில் அதை உருவாக்கிப் பிடித்து எரிபொருளாகப் பயன்படுத்தலாம் என்பது உயிரிவாயுக் கலன்களின் அடிப்படை. நல்ல வழிதான்; ஆனால் மீத்தேன் மலிவான பொருள். ஒரே ஒரு கார்பன் அணு கொண்ட அந்த வாயுவாகச் சிதைவதற்கு முன்னால், கழிவிலுள்ள கார்பனில் பெரும்பகுதி அமிலமாக நிற்கும் ஒரு கட்டம் உண்டு. இரண்டு முதல் ஆறு கார்பன்கள் வரை கோத்த அந்த அமிலங்கள் நெகிழி, கால்நடைத் தீவனச் சேர்க்கை, நறுமணப் பொருள், எரிபொருள் எனப் பல தொழில்களுக்கு மூலப்பொருளாகக்கூடியவை. அங்கேயே நிறுத்திக்கொள்ளலாமே என்ற எண்ணத்திலிருந்துதான் இந்தத் துறை தொடங்குகிறது.

காற்றில்லாத கலனில் கழிவு நான்கு படிகளில் சிதைகிறது. முதலில், பாக்டீரியாக்கள் வெளியே சுரக்கும் நொதிகள் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றைச் சர்க்கரை, அமினோ அமிலம், நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலம் எனச் சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. அடுத்ததாக, அந்தத் துண்டுகளை உட்கொள்ளும் பாக்டீரியாக்கள் லாக்டிக், அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களையும் எத்தனாலையும் ஹைட்ரஜனையும் வெளிவிடுகின்றன. மூன்றாம் படியில், சற்றுப் பெரிய அமிலங்கள் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் உடைகின்றன. கடைசியில், மீத்தேன் உண்டாக்கிகள் இவ்விரண்டையும் உண்டு மீத்தேனை விடுகின்றன. இந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியா வகையைச் சேர்ந்ததே அன்று. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களை ஒப்பிட்டு, உயிர்களில் இன்று ஆர்க்கியா என்று அழைக்கப்படும் தனிப்பெரும் பிரிவு ஒன்று உண்டு என்று காட்டியபோது, அவர்கள் கையில் இருந்த சான்று இந்த மீத்தேன் உண்டாக்கிகள்தாம். அவை மெதுவாகப் பெருகுபவை, பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடுவதைக் காட்டும் அளவுகோல்) 6.5-க்குக் கீழே இறங்கினால் தளர்ந்துவிடுபவை. நமக்கு அந்த இரண்டு பலவீனங்களும் போதும். கலனிலிருந்து திரவத்தை அவை பெருகும் வேகத்தைவிட விரைவாக வெளியேற்றி, பி.எச். அளவை 5-க்கும் 6-க்கும் இடையில் வைத்தால் மீத்தேன் ஏறக்குறைய நின்றுவிடும். இதற்காக அயோடோஃபார்ம், புரோமோஎத்தேன் சல்ஃபோனேட் போன்ற தடுப்பான்களைச் சேர்ப்பவர்களும் உண்டு. ஆய்வகக் குடுவையில் அது சரி. பெரிய கலனில் அது தேவையற்ற செலவு என்பது என் எண்ணம்.

இந்த உயிர்களில் ஒன்றைத் தனியே பிடித்துப் பார்ப்பது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஹொரேஸ் பார்க்கரின் ஆய்வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கரான அவர் 1930-களின் நடுவில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆல்பர்ட் குளூய்வரின் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். எத்தனாலை மீத்தேனாக்கும் நுண்ணுயிரைத் தேடி, சேற்றில் எத்தனாலை ஊற்றி வளர்த்தபோது, எதிர்பாராத வகையில் ஆறு கார்பன் கொண்ட கேப்ரோயிக் அமிலம் அந்தக் குடுவைகளில் சேர்ந்தது. அதைப் பின்தொடர்ந்து கண்டெடுத்த பாக்டீரியாவுக்குக் குளூய்வரின் பெயரையே வைத்துக் கிளாஸ்ட்ரிடியம் குளூய்வெரி என்றார். எத்தனாலையும் அசிட்டிக் அமிலத்தையும் இணைத்து, கார்பன் சங்கிலியை இரண்டிரண்டாக நீட்டும் வித்தை அதற்குக் கைவந்திருந்தது. அதே தேடலில், எத்தனாலை மீத்தேனாக்கும் நுண்ணுயிர் ஒன்றும் தூய வளர்ப்பாகக் கிடைத்துவிட்டதாகவே நுண்ணுயிரியலாளர்கள் நம்பினர். பாடநூல்களிலும் அது ஏறியது. 1967-இல் மார்வின் பிரையன்ட்டும் அவருடைய சகாக்களும் 'ஒமெலியான்ஸ்கி' என்று பெயரிடப்பட்டிருந்த அந்த நுண்ணுயிரை மீண்டும் ஆராய்ந்தபோது, அது ஓர் உயிர் அன்று, இரண்டு உயிர்களின் கூட்டு என்பது தெரிய வந்தது. ஒன்று எத்தனாலை உண்டு ஹைட்ரஜனை விடும். மற்றொன்று அந்த ஹைட்ரஜனை உண்டு மீத்தேனை விடும். ஹைட்ரஜன் தேங்கிவிட்டால் முதலாவது உயிருக்கு எத்தனாலை உண்பதில் ஆற்றலே மிஞ்சாது. எனவே இரண்டாவது அதை உடனுக்குடன் அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தேர்ந்த கண்களுக்கும் இவை இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன என்றால், பல நூறு இனங்கள் கலந்து கிடக்கும் கழிவுக் கலனில் யார் எதைச் செய்கிறார் என்று அடித்துச் சொல்வதற்கு எவ்வளவு தயக்கம் வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

உண்மையில் கழிவு கலனுக்குள் வருவதற்கு முன்பே நொதித்தல் தொடங்கிவிடுகிறது. சேகரிப்புத் தொட்டியில் மூடிக் கிடக்கும் நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து, லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் முன்னுக்கு வந்து, பி.எச். அளவை 5-க்குக் கீழே இறக்கிவிடுவது சாதாரணமாக நடப்பது. லாக்டிக் அமிலத்தைப் புளித்த பாலிலிருந்து 1780-இல் பிரித்தவர் கார்ல் ஷீலே. அது உயிருள்ள நுண்ணிகளின் வேலை என்று 1857-இல் எடுத்துரைத்தவர் லூயி பாஸ்டர். வேதியியலின் பழைய அறிமுகங்களில் ஒன்றான இந்த அமிலமே உணவுக்கழிவு நொதித்தலின் நடுநாயகம் என்பது, இந்தத் துறைக்கு வருபவர்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிகிறது.

லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் முந்துவதற்குக் காரணம் அவற்றின் சிக்கனம் அன்று, வேகம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை நேராக இரண்டாக ஒடித்து இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாக்கும் அவற்றின் வழியில், செல்லுக்குக் கிடைப்பது அதன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் இரண்டே. பியூட்டிரிக் அமிலம் தயாரிக்கும் கிளாஸ்ட்ரிடியங்களுக்கு அதே குளுக்கோஸிலிருந்து இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் சர்க்கரை ஏராளமாக வந்து கொட்டும்போது, குறைவாகச் சம்பாதித்தாலும் விரைவாகச் சம்பாதிப்பவர் கை ஓங்குகிறது. மேலும் சூழல் புளித்துவிட்ட பிறகும் தாக்குப்பிடிக்கும் திறன் அவற்றுக்கு உண்டு. செல்லின் உட்புறத்தைப் பி.எச். 7-இலேயே வைத்திருப்பேன் என்று அடம்பிடிக்காமல், வெளியே இறங்க இறங்க உள்ளேயும் கொஞ்சம் இறங்கவிட்டு, இடைவெளியை மட்டும் காப்பாற்றிக்கொள்கின்றன. அதனால் தாமே உண்டாக்கிய புளிப்பில் மற்றவை ஓய்ந்தபோதும் இவை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும்.

இங்கே விதைக்கலவை பற்றி ஒரு வார்த்தை. புதிதாகக் கலனைத் தொடங்கும்போது, உயிரிவாயுக் கலனின் கசடை எடுத்துச் சூடாக்கி, வெப்பம் தாங்காத மீத்தேன் உண்டாக்கிகளைக் கொன்று, வெப்பம் தாங்கும் வித்துகளாக உறங்கும் கிளாஸ்ட்ரிடியங்களை மட்டும் மிச்சம் வைத்துச் சேர்ப்பது பரவலான வழக்கம். ஆய்வறிக்கைகளில் இந்தச் சூடாக்கலுக்கு நீண்ட பத்தியே ஒதுக்கப்படுகிறது. தொடர்ந்து ஊட்டம் பெறும் கலனில் இதன் செல்வாக்கு சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை என்பதே என் அனுபவம். காரணம் எளியது: நாள்தோறும் வரும் கழிவே ஒரு விதைக்கலவை. கிருமிநீக்கம் செய்யாத ஊட்டம் உள்ளே போகும் ஒவ்வொரு வேளையும் புதிய குடியேறிகள் கூடவே நுழைகிறார்கள். அவர்களில் யார் தங்குகிறார், யார் அடித்துச் செல்லப்படுகிறார் என்பதைப் பி.எச்., வெப்பம், தங்கும் காலம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன.

இனி முச்சந்திக்கு வருவோம். கலனில் சேர்ந்த லாக்டிக் அமிலத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, அங்கேயே நின்றுவிடுவது. பி.எச். அளவை 4.5-க்குக் கீழே விட்டுவிட்டாலோ, வெப்பநிலையை 50 பாகைக்கு அருகில் வைத்துத் தங்கும் காலத்தைச் சுருக்கினாலோ, லாக்டிக் அமிலத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் தலையெடுக்காமல் அதுவே இறுதிப்பொருளாகத் தேங்கும். கணக்குப் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான மாற்றம் வேறில்லை. 180 கிராம் குளுக்கோஸ் 180 கிராம் லாக்டிக் அமிலமாகிறது. கார்பன் எதுவும் வாயுவாகப் போவதில்லை. அதே அளவு குளுக்கோஸ் பியூட்டிரிக் அமிலமானால் 88 கிராம்தான் கிடைக்கும். மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகக் கிளம்பிவிடும். ஆனால் லாக்டிக் அமிலத்தை நெகிழியாக்க விரும்புபவர்களுக்கு ஒரு சிக்கல். அந்த மூலக்கூறுக்கு இடவடிவம், வலவடிவம் என இரண்டு உண்டு. உறுதியான பாலிலாக்டிக் நெகிழிக்குப் பெருமளவு ஒரே வடிவம் வேண்டும். கலப்புக் கூட்டத்தில் இரண்டும் கலந்தே வரும். எந்த இனம் மேலோங்குகிறது என்பதைப் பொறுத்து இந்த விகிதம் வாரத்துக்கு வாரம் மாறவும் செய்யும். இங்குதான் கூட்டத்தின் தன்மை உண்மையிலேயே இடையூறாகிறது.

இரண்டாவது வழி புரோப்பியோனிக் அமிலத்துக்குச் செல்கிறது. மூன்று லாக்டிக் அமில மூலக்கூறுகளிலிருந்து இரண்டு புரோப்பியோனிக் அமிலமும், ஓர் அசிட்டிக் அமிலமும், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் பிறக்கும். பி.எச். 6-ஐத் தாண்டிய கலன்களில் இந்த வழியில் கூட்டம் அதிகம். புரோப்பியோனிக் அமிலம் தன்னளவில் பயனற்றது அன்று. ஆனால் ஆறு கார்பன் அமிலத்தை நோக்கிச் செல்ல நினைப்பவருக்கு இது மடைமாற்றம். ஏனெனில் இங்கு உருவாகும் ஒற்றைப்படைச் சங்கிலி, நீட்டப்பட்டாலும் ஐந்து, ஏழு என்றுதான் போகும்.

மூன்றாவது வழிதான் என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்திருப்பது. லாக்டிக் அமிலத்தை உண்ணும் சில பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஒரு கார்பனை வாயுவாக விட்டுவிட்டு, எஞ்சிய இரண்டு கார்பன் துண்டை இன்னோர் அமிலத்தோடு ஒட்டுகின்றன. அசிட்டிக் அமிலத்தில் ஒட்டினால் பியூட்டிரிக். பியூட்டிரிக்கில் ஒட்டினால் கேப்ரோயிக். கொழுப்பு அமிலங்களை நம் செல்கள் இரண்டிரண்டு கார்பனாக வெட்டி எரிக்கும் அதே வினைத்தொடர் இங்கே தலைகீழாக ஓடுகிறது. பார்க்கர் கண்ட குளூய்வெரி எத்தனாலைக் கொண்டு செய்ததை, மெகாஸ்ஃபேரா எல்ஸ்டெனி போன்றவை லாக்டிக் அமிலத்தைக் கொண்டு செய்கின்றன. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் இந்த மெகாஸ்ஃபேரா, அங்கே தானியம் மிகுந்து லாக்டிக் அமிலம் பெருகும்போது அதை உண்டு விலங்கைக் காப்பாற்றும் உயிர். எத்தனால் வழியை ஆராய்பவர்கள் பெரும்பாலும் எத்தனாலை வெளியிலிருந்து வாங்கிக் கலனில் ஊற்றுகிறார்கள். கழிவிலிருந்து மதிப்புள்ள பொருளை எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, மதிப்புள்ள இன்னொரு பொருளை விலைகொடுத்து உள்ளே ஊற்றுவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. உணவுக்கழிவு லாக்டிக் அமிலத்தைத் தானே தயாரித்துக்கொண்டு வரும்போது, அதையே சங்கிலி நீட்டும் கையிருப்பாகக் கொள்வதுதான் முறை.

ஆனால் கேப்ரோயிக் அமிலம் தன்னை உண்டாக்கும் பாக்டீரியாவையே தாக்கும். மின்னேற்றம் பெறாத முழு வடிவில் இருக்கும் அமில மூலக்கூறு செல்லின் கொழுப்புச் சவ்வைச் சுலபமாகக் கடந்து உள்ளே போய், அங்கிருக்கும் நடுநிலைச் சூழலில் பிரிந்து, ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும். அதை வெளியே தள்ளுவதற்கே செல் தன் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கும். பி.எச். 7-இல் கேப்ரோயிக் அமில மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இந்த ஆபத்தான வடிவில் இராது, பி.எச். 5-இல் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் அப்படித்தான் இருக்கும். அதே பி.எச். 5-இல் லாக்டிக் அமிலத்தில் ஆபத்தான வடிவம் நூற்றுக்கு ஏழு மட்டுமே. போதாக்குறைக்குக் கேப்ரோயிக்கின் ஆறு கார்பன் வால் சவ்வுக்குள் செருகிக்கொண்டு அதைத் தளர்த்தவும் செய்கிறது. மீத்தேனையும் புரோப்பியோனிக்கையும் அடக்குவதற்கு நமக்குத் தாழ்ந்த பி.எச். வேண்டும், சங்கிலி நீட்டுபவை பிழைத்திருக்க உயர்ந்த பி.எச். வேண்டும். பெரும்பாலான கலன்கள் 5-க்கும் 5.5-க்கும் இடையில் ஓடுவது இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் இடையே செய்துகொண்ட சமரசத்தினால்தான்.

இந்தக் கைமாற்றத்தைக் கண்ணால் பார்க்க விரும்பினால், ஒரு வேளை ஊட்டம் போட்டபின் மணிக்கொரு மாதிரி எடுப்பதைப் போல் சிறந்த வழி இல்லை. ஊட்டம் உள்ளே விழுந்த சிறிது நேரத்திலேயே, பி.எச். இறங்காமல் காக்கக் காரம் ஊற்றும் சிறு பம்பு இடைவிடாமல் சொடுக்கத் தொடங்கும். அமிலம் உருவாகும் வேகம் காதிலேயே விழும். கரும்பழுப்புத் திரவத்தின் மேல் நுரை கட்டி, கண்ணாடிச் சுவரில் ஏறும். அந்நேரத்து மாதிரியைச் சுழற்றித் தெளியவைத்து வடிகட்டினால் கிடைக்கும் வைக்கோல் நிறத் திரவத்தில் லாக்டிக் அமிலமே ஓங்கி நிற்கும். வாசனையும் அவ்வளவாக இராது, ஏனெனில் லாக்டிக் அமிலம் ஆவியாகி மூக்கை எட்டுவதில்லை. சில மணி நேரம் சென்றபின் பம்பின் சொடுக்கு அடங்கும். லாக்டிக் அமிலம் குறையக் குறையப் பியூட்டிரிக் ஏறும். ஊசிப்போன வெண்ணெயின் நெடி வரும். இன்னும் தாமதமாக ஆட்டுக்கிடாயின் வாடை கலந்தால், கேப்ரோயிக் வந்துவிட்டது என்று கருவியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அடுத்த ஊட்டத்துக்கு முன் லாக்டிக் அமிலம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிருக்கும்.

இதனால் ஒரு நடைமுறை எச்சரிக்கையும் எழுகிறது. ஆவியாகும் அமிலங்களை அளக்க ஆய்வகங்கள் பொதுவாக வாயு நிறப்பகுப்புக் கருவியையே நம்புகின்றன. அசிட்டிக்கில் தொடங்கிக் கேப்ரோயிக் வரை, இடையில் கிளைத்த சங்கிலி கொண்ட ஐசோபியூட்டிரிக், ஐசோவலெரிக் உட்பட, ஒவ்வொன்றாக முகடுகள் அழகாக வரிசையில் எழும். அந்த வரிசையில் லாக்டிக் அமிலம் தோன்றவே தோன்றாது. அதற்குத் திரவ நிறப்பகுப்பு தனியே வேண்டும். நாளுக்கு ஒரு மாதிரி மட்டும், அதுவும் வாயு நிறப்பகுப்பில் மட்டும் பார்க்கும் ஒருவருக்கு, சர்க்கரை நேராகப் பியூட்டிரிக் ஆகிறது என்றே தோன்றும். நடுவில் நடந்த பெரிய கைமாற்றம் முழுவதும் அவர் கண்ணுக்குத் தப்பிவிடும். கலன் திடீரெனச் சுணங்கினால் அவர் கிளாஸ்ட்ரிடியத்தைச் சந்தேகிப்பார். குறையோ லாக்டிக் அமிலத்தைத் தயாரிப்பவர்களிடமோ, அதைப் புரோப்பியோனிக் பக்கம் இழுத்துக்கொண்டவர்களிடமோ இருக்கும்.

கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அறிய இப்போது எல்லோரும் 16எஸ் ரைபோசோம் மரபணுவை வரிசைப்படுத்துகிறார்கள். ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட அந்த மரபணுவின் ஒரு பகுதியைப் படித்து, எந்தப் பேரினம் எத்தனை விழுக்காடு என்று வண்ணப் பட்டைகளாக வரைந்துவிடலாம். பார்க்க நன்றாக இருக்கும். இதற்குத் தரப்படும் முக்கியத்துவம் அளவுக்கு மீறியது என்று நினைக்கிறேன். பெயர் தெரிந்தால் தொழில் தெரிந்துவிடாது. லாக்டோபாசில்லஸ் என்று ஒரே பேரினமாக வழங்கியதையே 2020-இல் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பட்டை வரைபடங்களையும் புதியவற்றையும் ஒப்பிடும்போது இதை நினைவில் வைக்காவிட்டால், கூட்டமே மாறிவிட்டதாகத் தோன்றும். அதைவிட முக்கியமானது, ஒரே மாதிரி ஓடும் இரண்டு கலன்களில் பெயர்ப்பட்டியல் வெகுதூரம் விலகிப்போன பின்னும் வெளிவரும் அமிலங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதுண்டு. ஒரே வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் பலர் இருப்பதால், ஒருவர் இடத்தை வைரஸ் தாக்குதலோ உப்பின் ஏற்றமோ காலி செய்தால் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதற்கு நேர்மாறாக, பட்டியலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஓர் இனம் சங்கிலி நீட்டும் வேலையின் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டிருக்கவும் கூடும். எந்த மரபணுக்கள் அந்நேரத்தில் உண்மையாகவே படியெடுக்கப்படுகின்றன என்பதைக் காட்டும் ஆர்.என்.ஏ. ஆய்வு இதற்குத் தேவலை. செலவும் உழைப்பும் அதிகம் என்பதால் அதை அன்றாடம் செய்ய முடிவதில்லை.

இதுவரை சர்க்கரையைப் பற்றியே பேசினேன். கழிவில் இறைச்சியும் பருப்பும் மிகுந்தால் கதை மாறும். அமினோ அமிலங்கள் உடையும்போது அம்மோனியா பிறந்து, அது கலனின் புளிப்பைத் தானாகவே தணிக்கும். வெளியிலிருந்து ஊற்றும் சோடியம் ஹைட்ராக்சைடு குறையும் என்பது நன்மை. அளவு மீறினால் அம்மோனியாவே பாக்டீரியாக்களை முடக்கும். வாலின், லியூசின் போன்ற கிளைத்த அமினோ அமிலங்களிலிருந்து கிளைத்த அமிலங்கள் வரும். ஐசோவலெரிக்கின் நெடி, நாளெல்லாம் காலணிக்குள் இருந்த பாதத்தின் நெடிதான். உடையில் பட்டால் துவைத்தாலும் லேசில் விடாது. எண்ணெயும் கொழுப்பும் இந்தக் கலன்களில் பெரும்பாலும் சிதையாமல் மிதந்து கிடக்கின்றன. நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை வெட்டுவதற்கு ஹைட்ரஜன் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதை அகற்றும் மீத்தேன் உண்டாக்கிகளைத்தான் நாமே விரட்டிவிட்டோமே.

அமிலம் உருவானபின் அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதில்தான் பல திட்டங்கள் தடுக்கி விழுகின்றன. லிட்டருக்கு 20 கிராம் அசிட்டிக் அமிலம் உள்ள திரவத்தைக் காய்ச்சிப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். அசிட்டிக் அமிலம் தண்ணீரைவிடத் தாமதமாக, 118 பாகையில் கொதிக்கிறது. ஆகவே முதலில் ஆவியாக வேண்டியது தண்ணீர். ஒரு கிலோ அமிலத்துக்காக 49 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு மட்டும் சுமார் 110 மெகாஜூல் வெப்பம் தேவை. அந்த ஒரு கிலோ அமிலத்தை எரித்தால் வருவது 15 மெகாஜூல்கூட இல்லை. சுண்ணாம்பைச் சேர்த்து லாக்டிக் அமிலத்தைக் கால்சியம் உப்பாக்கி, பிறகு கந்தக அமிலத்தால் விடுவிக்கும் பழைய முறையோ, ஒரு டன் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சத்தைப் புதிய கழிவாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

கேப்ரோயிக்கின் அருமை இங்கேதான் தெரிகிறது. அது ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 10 கிராமுக்கு மேல் கரைவதில்லை. கலனிலிருந்து தெளிந்த திரவத்தை ஒரு சவ்வின் ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் அமிலத்தை ஈர்க்கும் எண்ணெயைச் சுற்றவிட்டால், ஆபத்தான அதே மின்னேற்றமற்ற வடிவம் எண்ணெய்க்குத் தாவும். அங்கிருந்து காரக்கரைசலில் செறிவாகச் சேர்த்து, பிறகு புளிக்கவைத்தால் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலமாகத் தானே பிரிந்து மிதக்கும். இதைத் தொடர்ந்து செய்வதால் கலனுக்குள் நச்சும் ஏறாமல் இருக்கும். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த சங்கிலி நீட்டும் ஆய்வு, அங்கிருந்து கிளைத்த ஒரு நிறுவனத்தின் வழியாகக் கலப்புக் கூட்டத்தைக் கொண்டே தொழில் அளவுக்கு நகர்ந்திருக்கிறது.

இன்னொரு வழி, பிரிக்காமலே பயன்படுத்துவது. கழிவுநீர் நிலையங்களில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு உணவாக மெத்தனாலை வாங்கி ஊற்றுகிறார்கள். அதற்குப் பதில் இந்த அமிலக் கலவையையே ஊற்றலாம். புரதம் மிகுந்த கழிவிலிருந்து வந்த கலவை என்றால் அது தன்னோடு அம்மோனியாவையும் சுமந்துவந்து, நீக்க வேண்டிய நைட்ரஜனை மேலும் கூட்டிவிடும். ஆகவே இதற்கு மாவுச்சத்து மிகுந்த கழிவே உகந்தது. நெகிழியாக்கவும் இதே கலவை உதவும். டெல்ஃப்டில் கண்டறியப்பட்ட பிளாஸ்டிசிகுமுலன்ஸ் ஆசிடிவோரன்ஸ் என்ற பாக்டீரியா, அமிலத்தை ஒரேயடியாக ஊட்டிப் பின் பட்டினி போடும் சூழலில் மற்றவற்றை முந்தி, தன் உலர் எடையில் பத்தில் ஒன்பது பங்குவரை பாலிஹைட்ராக்சி அல்கனோயேட் நெகிழியைச் சேமித்துக்கொள்கிறது. புரோப்பியோனிக் கலந்திருந்தால் அந்த நெகிழி நொறுங்காமல் வளையும். முச்சந்தியில் தவிர்க்க நினைத்த இரண்டாவது வழி, இந்தப் பயனுக்கு வந்தால் விரும்பத்தக்கதாகிவிடுகிறது.

நான் இப்போது பார்த்துவரும் அமைப்பில் இரண்டு கலன்கள். முதலாவதில் பி.எச். அளவைக் கட்டுப்படுத்தாமல் லாக்டிக் அமிலம் மட்டும் சேர விடுகிறோம். காரச் செலவு அங்கே இல்லை. திண்மங்களை வடித்துவிட்டு, அந்தத் திரவத்தைப் பி.எச். 5.5-இல் ஓடும் இரண்டாவது கலனுக்குச் சொட்டுச் சொட்டாக, எந்நேரமும் லாக்டிக் அமிலம் தேங்காத அளவுக்கு மெதுவாக அனுப்புகிறோம். தேங்கினால் புரோப்பியோனிக் தயாரிப்பவர்கள் வந்துவிடுவார்கள் என்பது எங்கள் கணிப்பு. இதுவரை வந்த அளவீடுகள் அதற்கு ஒத்துவருகின்றன. வடித்தெடுத்த திண்மங்களிலும் சவ்வைக் கடக்காத திரவத்திலும் இன்னும் கார்பன் மிச்சமிருக்கிறது. அதை உயிரிவாயுக் கலனுக்கே அனுப்பிவிடுகிறோம். அங்கே மீத்தேன் உண்டாக்கிகளுக்குத் தடை ஏதும் இல்லை.